பதினெட்டாவது பெயர்

முதலில் தொடங்கியது என் மகள்தான். பிறகு நடந்தவற்றில் எல்லாரும் இதை மறந்துவிட்டார்கள், அதனால் நான் முதல் வரியிலேயே எழுதிவைக்கிறேன்.

ஆறு வயதில் அவளைப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பினேன். காலைத் தட்டச் சொன்னால் தட்டாமல், காலுறையோடு அந்த மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு வழுக்கிக்கொண்டு போவாள். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த ஆசிரியை, "இவவை வேற எதிலயும் விட்டுப் பாருங்கோவன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அப்போது நாங்கள் ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில், ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். கிட்டவே ஒரு நகரசபை ஐஸ் அரங்கு இருந்தது. அங்கே சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்கினார்கள். கொண்டுபோய்ப் பதிந்தேன். அந்த அரங்கு முழுவதிலும் எங்கள் நிறத்தில் அவள் ஒருத்திதான்.

தங்கையின் மகள் என் மகளைவிட நாலு மாதம் இளையவள். தங்கைக்குச் சனிக்கிழமைகளில் வேலை. "அக்கா, இவளையும் காரில ஏத்திக்கொண்டு போங்கோ, சும்மா இருந்து பாக்கட்டும்" என்றாள். காரில் இடம் இருந்தது, ஏற்றினேன். இரண்டு கிழமை பார்வையாளர் வாங்கில் இருந்து பார்த்தவள் மூன்றாம் கிழமை தானும் இறங்கப்போகிறேன் என்று அழுதாள். என் மகளுக்குச் சிறிதாகிப்போன ஸ்கேற், ஐஸில் சறுக்குகிற சப்பாத்து, ஒரு சோடி வீட்டில் கிடந்தது. அதை அவளுடைய காலில் மாட்டி, முழங்காலில் இருந்து, கை சிவக்கக் கயிறு இறுக்கிக் கட்டிவிட்டவள் நான்தான். அன்று ஸ்கேற் அளவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ நாள் அப்படி நினைத்திருக்கிறேன்.

இரண்டு குளிர்காலத்தில் அவள் என் மகளைத் தாண்டிவிட்டாள். என் மகள் யோசித்து விளையாடுகிறவள். பக் தன்னிடம் வந்தால், அந்தக் கறுப்பு றப்பர் வட்டை யாருக்குத் தட்டலாம், எந்தப் பக்கம் ஆள் நிற்கிறது என்று ஒரு கணம் பார்ப்பாள். அந்த ஒரு கணத்தில் யாராவது வந்து பறித்துவிடுவார்கள். தங்கையின் மகளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. அவள் ஐஸில் இறங்கினால் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கதையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். "ஹூ இஸ் தற் கிட்?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். என் தங்கையின் மகள் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

தங்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் கனடாவுக்கு வந்து ஆறு வருடத்துக்குப் பிறகுதான் அவள் வந்தாள். வந்து எட்டு மாதம் எங்கள் வீட்டு ஹோலில் மெத்தை விரித்துப் படுத்தாள். பஸ்ஸில் எப்படி மாறுவது, பாலை எங்கே மலிவாக வாங்குவது எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். இப்போது அவர்கள் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் நாலு அறை வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜ். குளிர்காலம் வந்தால் தங்கையின் கணவர் பின்வளவில் பலகை அடித்து, குழாயால் தண்ணீர் விட்டு, மகளுக்கென்று ஒரு ஐஸ் தளமே செய்துகொடுப்பார். எங்கள் வீட்டில் ஹொக்கிப் பை பல்கனியில் கிடக்கும், உள்ளே வைத்தால் வியர்வை நாற்றம் தாங்காது. என் கணவர் லொறி ஓட்டுகிறவர். கிழமையில் நாலு நாள் நெடுஞ்சாலையில் இருப்பார்.

வீட்டை நான் ஒருவாறு விழுங்கிவிட்டேன். கராஜையும் விழுங்கினேன். ஆனால் ஹொக்கி என்னுடையது. நான் கண்டுபிடித்தது, நான் விடியக் காலையில் எழும்பிக் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டி ஓடித்திரிந்தது. அதிலும் அவள்தான் மேலே என்றால் எனக்கு என்ன மிச்சம்?

தங்கை கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் பெருமை அடிக்கவே மாட்டாள். மகள் மூன்று கோல் அடித்த நாளிலும், "அக்கான்ர பிள்ளை நல்லா பாஸ் குடுத்தது, அதாலதான்" என்று சொல்லுவாள். அதுதான் என்னைக் கொன்றது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் படம் போட்டால், பாரிசில் இருந்தும் இலண்டனில் இருந்தும் சிவப்பு இதயங்களாக வந்து விழும். நான் மூன்று மணித்தியாலம் பொறுத்து ஒரு கட்டைவிரலைப் போடுவேன். பாராட்டினாலும் வாலில் ஒரு முள்ளு வைப்பேன். "நல்ல உயரம் அவளுக்கு, தேப்பன்ர பக்கம் போல." இப்படி. தங்கை சிரிப்பாள். அவளுக்கு முள்ளுக் குத்தியதா என்று அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாளும் குத்தவில்லை.

பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயதானபோது அந்தச் சர்வதேசப் போட்டி வந்தது. பதினாலு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கானது. பின்லாந்து, செக், சுவிஸ், ஜப்பான், அமெரிக்கா என்று பல இடங்களில் இருந்து அணிகள் ரொறொன்ரோவுக்கு வருகின்றன, நத்தார் விடுமுறையில், நாலு நாள். எங்கள் பகுதிப் பிள்ளைகளில் இருந்தும் ஒரு அணி எடுப்பார்கள். மூன்று சனிக்கிழமை தெரிவு நடந்தது. மூன்று சனிக்கிழமையும் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மற்றவர்களின் பிள்ளைகளை எண்ணினேன். இவள் என் மகளைவிடக் கெட்டிக்காரி, இவள் இல்லை, இவள் கெட்டிக்காரி.

மின்னஞ்சல் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்கிறேன். பல்வலியோடு தாடையில் கைவைத்தபடி ஒருவர் முன்னால் நிற்க, மேசைக்குக் கீழே போனை வைத்து வாசித்தேன். பதினேழு பெயர். நாலாவது பெயர் தங்கையின் மகள். பதினேழுக்குப் பிறகு ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பதினெட்டாவதாக என் மகளின் பெயர். மாற்று வீராங்கனை. பயிற்சிக்கு வரவேண்டும், அணியின் உடுப்புக் கிடைக்கும், ஆனால் விளையாட முடியாது. பதினேழு பேரில் ஒருத்தி காயம் பட்டோ சுகமில்லாமலோ விலகினால் மட்டும் அந்த இடத்தில் இறங்கலாம். பல்வலிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் பிறகு வருவதா என்று கேட்டார்.

பின்னேரம் தங்கை போன் எடுத்தாள்.

"அக்கா, பாத்தனீங்களே? ரெண்டு பேரும் டீமில!"

"ஓம். உன்ர பிள்ளை டீமில. என்ர பிள்ளை கோட்டுக்குக் கீழ."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. ஆருக்கும் ஒரு காய்ச்சல் தலையிடி வந்தா அவள்தானே இறங்குறது. கட்டாயம் சான்ஸ் வரும்."

"வரட்டும், வரட்டும்" என்று போனை வைத்தேன். மகள் அறைக்குள் இருந்தாள். அழுதிருக்கிறாள் என்பது மூக்கைப் பார்க்கத் தெரிந்தது. அடுத்தநாள் பயிற்சிக்கு மற்ற எல்லாரையும்விட முந்திப் போய் நின்றாள்.

போட்டி தொடங்கிய அன்று ஒவ்வொரு அணியும் தங்கள் கொடியோடு ஐஸில் ஒரு சுற்று வந்தது. ஜப்பானியப் பிள்ளைகள் நாலு பக்கமும் குனிந்து வணக்கம் சொன்னார்கள். பின்லாந்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரிப் பின்னல் போட்டிருந்தார்கள். எங்கள் அணி வந்தபோது தங்கையின் மகள் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். என் மகள் என் பக்கத்தில், அணியின் நீல மேலங்கியோடு, சப்பாத்துக் காலோடு இருந்தாள். மடியில் ஒரு கொப்பி. கோச் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். ஆட்டத்தை மறுபடி தொடங்கும்போது நடுவர் பக்கை இரண்டு பேருக்கு நடுவில் போடுவார், இருவரும் தடியால் இழுபறிப்படுவார்கள். எங்கள் ஆட்டங்களிலும் மற்ற அணிகளின் ஆட்டங்களிலும் ஒவ்வொரு முறையும் அதை யார் வென்றது, எப்படி வென்றது என்று என் மகள் குறிக்கவேண்டும். இப்படி எழுத வைத்தாவது உங்கள் மகளையும் சேர்த்துக்கொள்கிறார்களே என்று ஒரு தாய் என்னிடம் இரக்கமாகச் சொன்னார். அந்த இரக்கத்தை எங்கே எறிவது என்று தெரியாமல் தலையாட்டினேன்.

முதல் ஆட்டம் செக் பிள்ளைகளோடு. தங்கையின் மகள் இரண்டு கோல் அடித்தாள். நான் கை தட்டினேன். எல்லாரும் தட்டித் தொடங்கியபிறகு தொடங்கி, அவர்கள் நிறுத்த முதல் நிறுத்தினேன். என் மகள் கொப்பியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிக் கத்தினாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு ரோசம் இல்லையா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பின்லாந்தோடு. தங்கை எங்களுக்கு மூன்று வரிசை கீழே, கண்ணாடிக்குக் கிட்ட கணவரோடு இருந்தாள். இரண்டாவது பகுதி ஆட்டத்தில் தங்கையின் மகள் பக்கைத் தன் எல்லையிலேயே பறித்துக்கொண்டு கிளம்பினாள். ஒருத்தியை வெட்டினாள், இன்னொருத்தியை வெட்டினாள். அரங்கு எழும்பிவிட்டது. முன்னால் இருந்தவர் எழும்பியதால் எனக்கு மறைத்தது, நானும் எழும்பவேண்டி வந்தது. அவளைப் பார்க்க எனக்கு எழும்பவேண்டி வந்துவிட்டதே என்று ஒரு ஆத்திரம் அடிவயிற்றில் இருந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஒருக்கா விழுந்து துலையன்டி."

சத்தமாகச் சொல்லவில்லை. அந்த இரைச்சலில் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. சொல்லி மூச்சு விட முதல் அவளுடைய ஸ்கேற்றின் நுனி ஏதோ ஒரு கீறலில் மாட்டியது. யாரும் அவளைத் தள்ளவில்லை. தானாகவே முன்னால் பாய்ந்து, சறுக்கிக்கொண்டு போய், தோளோடு பலகைச் சுவரில் அடிபட்டாள். அந்தச் சத்தம் மேலே வரை வந்தது. பிறகு அரங்கில் ஒரு சத்தமும் இல்லை, தங்கையின் குரல் மட்டும். அவள் படிகளில் இறங்கி ஓடுகிறாள்.

இந்த இடத்தில் நான் உண்மையை எழுதவேண்டும். இனி என் மகள் விளையாடலாம் என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு. பிள்ளைக்கு என்ன ஆனதோ என்பது இரண்டாவதாக வந்தது. அந்த வரிசையை இன்றுவரை என்னால் மாற்ற முடியவில்லை.

அவள் எழும்பி இருந்தாள். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பேர் பிடிக்க, வெளியே வந்தாள். எதிரணிப் பிள்ளைகளும் தடியால் ஐஸில் தட்டினார்கள், அது அவர்களின் மரியாதை. நான் கீழே போய்த் தங்கையின் கைப்பையை எடுத்துக் கொடுத்து, "ஒண்டும் நடவாது, போட்டு வா" என்றேன். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டம் தொடர்ந்தது. முடிந்ததும் கோச் மேலே வந்து என் மகளின் தோளில் கைவைத்து, நாளைக்குக் காலையில் உன் சாமான்களைக் கொண்டு வா, நீ இறங்குகிறாய் என்றார். மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வரும் வழியில் மகள் கை நீட்டி ரேடியோவை நிறுத்தினாள். நிறுத்தியபிறகும் காருக்குள் பாட்டுக் கேட்டது. முணுமுணுத்துக்கொண்டு வந்தது நான்தான்.

வழியில் இறங்கி அவளுடைய ஸ்கேற்றுக்குப் புதுக் கயிறு ஒரு சோடி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் புட்டு அவித்தேன், முட்டை பொரித்தேன். அது அவளுக்கு விருப்பம். புட்டு அவிந்துகொண்டிருக்கும்போது தங்கை போன் எடுத்தாள். எலும்பு உடையவில்லை, தசைதான் இழுபட்டிருக்கிறது, இரண்டு கிழமைக்கு விளையாடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளை அழுதழுது இருக்கிறாள் என்றாள்.

"அக்கா, நீங்கள் ஒருக்கா வாறியளே? இப்பவே. வந்து பிள்ளைக்கு நாவூறு கழிச்சு விடுங்கோ."

எங்கள் பக்கத்தில் கண் பட்டாலும் வாய் பட்டாலும் அதற்கு நாவூறு என்றுதான் பெயர். உப்பும் செத்தல் மிளகாயும் பிள்ளையின் காலடி மண்ணும் கைக்குள் வைத்துத் தலையைச் சுற்றி, பிள்ளையைத் துப்பச் சொல்லி, நெருப்பில் போடுவது. மிளகாய் எரியும்போது நெடி அடித்து எல்லாரும் இருமினால் ஒன்றுமில்லை. நெடி வராவிட்டால் யாரோ கண் வைத்திருக்கிறார்கள்.

"நீயே செய்யன்" என்றேன்.

"தாய் செய்யக் கூடாது எண்டு அம்மா சொல்லுறவா. மூத்த ஆள் நீங்கள்தானே. எனக்கு வேற ஆர் இருக்கினம் அக்கா, மனசார அவளுக்குச் செய்ய?"

மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். அந்தப் புது வீதிகளில் எல்லா வீடும் ஒரே மாதிரி, தங்கையின் வீட்டை எப்போதும் நான் ஒருமுறை தாண்டிப்போய்த்தான் திரும்புவேன்.

குசினி மேசையில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. உப்பு, மிளகாய், ஒரு பிளாஸ்ரிக் பையில் பாதி கரைந்த ஐஸ். இது என்ன என்று கேட்டேன்.

"காலடி மண்ணுக்கு அக்கா. வெளியில எல்லாம் ஸ்நோ, மண்ணுக்கு எங்க போறது? அவள் விழுந்தது ஐஸிலதானே. அதுதான் ஆஸ்பத்திரியால வரேக்க அரங்குக்குப் போய், ஐஸ் வழிக்கிற வண்டி ஓடுற ஆளிட்டக் கேட்டு வாங்கினனான். அவன் வீக்கத்துக்கு வைக்கிறதுக்கு எண்டு நினைச்சு ஒரு பை நிறையத் தந்தவன்."

மற்ற நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். தங்கையின் மகள் நாற்காலியில் இருந்தாள், கையில் தொங்கல் கட்டு, முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும், "பெரியம்மா, அம்மா ஸோ வியர்ட். ஐஸை ஃபிரிஜ்ஜில வச்சு மூண்டு தரம் பாத்தவா" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிக்கத் தோள் நொந்தது.

"உவள் என்ர மனுசன்ர தங்கச்சியின்ர கண்ணாத்தான் இருக்கும் அக்கா" என்றாள் தங்கை. "முந்தநாள் போன் எடுத்து, 'உங்கட மகள் டிவியில வருவா போல' எண்டு சொன்னவ. சொன்ன விதமே சரியில்லை. இல்லாட்டி அந்த டீமில நிக்கிற உயரமான பிள்ளையின்ர தாய். ஒரு நாளும் சிரிக்கிறேல்லை."

"ஓம், உவவாத்தான் இருக்கும்" என்றேன் நான். அந்த உயரமான பிள்ளையின் தாயோடு நான் இரண்டு வார்த்தைகூடக் கதைத்ததில்லை. பாவம், ஒரு கணத்தில் அவவைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

உப்பையும் மிளகாயையும் ஒரு கரண்டி ஐஸ் தண்ணீரையும் சேர்த்துக் கைக்குள் பொத்திக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்றேன். என் மகள் ஃபிரிஜ்ஜில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றத் தொடங்கினேன். ஊர்க்கண், தெருக்கண், கண்டவர் கண், காணாதவர் கண் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்தது உறவுக்கண். அது வரவில்லை. தொண்டையைச் செருமினேன். தங்கை, "சொல்லுங்கோ அக்கா, உறவுக்கண்" என்று எடுத்துக் கொடுத்தாள். சொன்னேன். மூன்று முறையும் சொன்னேன். பிள்ளை என் கைக்குள் மூன்று முறை துப்பினாள், பிறகு "ஸொறி பெரியம்மா" என்றாள்.

குசினியில் எரிக்க முடியாது. ஒருமுறை எரித்து, புகைக்கான அலாரம் அடித்து, பக்கத்து வீட்டார் கோட்டும் போடாமல் வெளியே வந்து நின்றார்களாம். அதனால் தங்கையின் கணவர் பின்வளவில் காஸ் அடுப்பின் மேலிருந்த பனியை வழித்து மூட்டி வைத்திருந்தார். கையில் இருந்ததைக் கம்பித் தட்டில் போட்டேன். நனைந்த மிளகாய், அதன்மேல் அந்தக் காற்று. சீ என்று ஒரு சத்தம் வந்தது, கறுத்தது, அவ்வளவுதான். ஒரு தும்மல்கூட இல்லை.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தனீங்களே அக்கா? ஒரு நெடி இல்லை. எவ்வளவு பெரிய கண்!"

ஐஸ் தண்ணீரில் ஊறிய மிளகாய் அப்படித்தான் எரியும் என்று எனக்குத் தெரியும். சமையல் செய்கிற எவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குளிரில் எனக்கு வியர்த்தது. "சரி, கழிஞ்சு போட்டுது, இனி ஒண்டுமில்லை" என்று சொன்னேன். தங்கை என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மகளிடம் போய், அவளுடைய கன்னத்தைப் பிடித்து, "நாளைக்கு நல்லா விளையாடவேணும் என்ன? சித்தி வருவன்" என்றாள்.

கார் நெடுஞ்சாலைக்கு ஏறியபிறகுதான் மகள் வாயைத் திறந்தாள்.

"அம்மா, நான் நாளைக்கு விளையாடுறன்."

"பின்ன? உனக்குத்தானே இவ்வளவு நாளும்..."

"ஆனா நீங்கள் வராதேங்கோ."

காரை ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஏன் என்று கேட்டேன்.

"எனக்குக் கேட்டது. அவள் விழ முதல் நீங்கள் சொன்னது. ஐ ஹேர்ட் யூ."

அது வாய் தவறி வந்தது என்று தொடங்கினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு விளையாட விருப்பம் அம்மா. வெரி மச். அதுதான் சொல்லுறன். நீங்கள் மேல இருந்து பாத்தா, எனக்கு நீங்கள் ஆரை என்ன சொல்லுறியள் எண்டதுதான் யோசனையா இருக்கும்." இவ்வளவையும் அவள் கோபமில்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்தபோது புட்டு ஆறிப் போயிருந்தது. அவள் சூடாக்கிச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

காலையில் அவளை அரங்கு வாசலில் இறக்கிவிட்டேன். பையைத் தூக்கித் தோளில் போட்டாள். "போட்டு வாறன் அம்மா" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தங்கைக்குப் போன் எடுத்து, எனக்குத் தலையிடி, வர ஏலாது என்று சொன்னேன். "நீங்கள் படுங்கோ அக்கா, நான் இருக்கிறன்தானே" என்றாள். பார்க்கிங்கின் கடைசி மூலையில், பனியை ஒதுக்கிக் குவித்திருந்த மேட்டுக்குப் பின்னால் காரை விட்டேன். தங்கையின் கார் வந்ததையும், கட்டுப் போட்ட கையோடு பிள்ளை இறங்கியதையும், தங்கை அவளுடைய கோட்டைப் பூட்டிவிட்டதையும் அங்கிருந்து பார்த்தேன். அவர்கள் உள்ளே போனபிறகு போனை எடுத்தேன். ஆட்டங்களை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். கமெரா மேலே ஒரே இடத்தில் பூட்டியிருக்கும். வர்ணனை கிடையாது. அரங்கின் சத்தம் மட்டும் வரும்.

சுவிஸ் பிள்ளைகளோடு ஆட்டம். முதல் பகுதியில் என் மகளை இறக்கவில்லை. இரண்டாவது பகுதியில் இரண்டு தரம் இறக்கினார்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட இல்லை. ஒருத்தி தட்ட, முழங்காலில் விழுந்து எழும்பினாள். போன் திரையில் அவள் என் சுட்டுவிரல் நகம் அளவுதான் இருந்தாள். ஆனாலும் அவளை எனக்குத் தெரிந்தது, யோசிக்கிற விதத்தில்.

கடைசிப் பகுதியில், இரண்டுக்கு இரண்டு என்று நிற்கும்போது, சுவிஸ் எல்லைக்குள் பக் போடவேண்டி வந்தது. கோச் என் மகளை அனுப்பினார். அவள் குனிந்து நின்றாள். எதிரே நின்றவள் அவளைவிட ஒரு சாண் உயரம். அந்தப் பிள்ளை தடியை எப்படித் திருப்புவாள் என்று என் மகள் கொப்பியில் குறித்து வைத்திருக்கவேண்டும். நடுவர் போட்டார். மகள் ஒரு வெட்டில் பக்கைப் பின்னால் தட்டினாள். பின்னால் நின்றவள் ஒரே அடி. கோல்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அதற்கு முதல் போனுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது, அத்தனை ஆங்கிலச் சத்தத்துக்கும் மேலாக, தமிழில்.

"என்ர பிள்ளை! என்ர பிள்ளையடா அது! என்ர குஞ்சு!"

தங்கைதான். அவளுடைய மகள் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் இருக்கிறாள். அந்த மகளுடைய இடத்தில்தான் என் மகள் இறங்கியிருக்கிறாள். எவளோ கண் வைத்ததால்தான் இதெல்லாம் என்று தங்கை நம்புகிறாள். இவ்வளவுக்கும் நடுவில் அவள் தொண்டை கிழியக் கத்தினாள், நிறுத்தாமல் கத்தினாள், எனக்குப் போனின் சத்தத்தைக் குறைக்கவேண்டி வந்தது. திரையில் எல்லாப் பிள்ளைகளும் கட்டிப்பிடித்து முடிய, என் மகள் மட்டும் திரும்பி, தடியைத் தூக்கி, அந்தக் குரல் வந்த பக்கம் காட்டினாள்.

கார்க் கண்ணாடி என் மூச்சில் புகைந்துபோயிருந்தது. தங்கையின் வீட்டைப் பார்த்து, அவளுடைய மகளைப் பார்த்து எரிந்த வயிறுதான் இது. ஆனால் அந்தக் கராஜும் நாலு அறையும் பின்வளவு ஐஸும் அன்று எனக்கு ஒன்றுமே இல்லை. இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்காக அப்படிக் கத்த அவளுக்கு முடிந்ததே என்றுதான் எரிந்தது.